வைஜெயந்திக்கு வயதாகிறது

2017 ஜூலையில் வெளிவந்த 'நிபுணன்' படத்தில் ஒரு காவல்துறை அதிகாரியின் கை நடுங்கத் தொடங்குகிறது. தொடர்கொலைகளைத் துப்பறிந்துகொண்டிருக்கும் அவருக்குப் பார்க்கின்சன் நோய். நடித்தவர் அர்ஜுன். அது அவருடைய 150ஆவது படம் என்று விளம்பரம் செய்தார்கள். கராத்தே கற்றவர், 'ஆக்‌ஷன் கிங்' என்ற பட்டத்தோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ், தெலுங்கு, கன்னடத் திரைகளில் காலைத் தூக்கி உதைத்தவர். அந்தக் கையையும் காலையும் அத்தனை ஆண்டுகள் பார்த்துப் பழகியவர்களுக்கு நடுங்கும் விரல்களைக் காட்டினால் என்ன ஆகும் என்று இயக்குநர் அருண் வைத்தியநாதன் கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு தப்பவில்லை. அந்த நடுக்கத்தைப் பார்க்கும்போது பழைய படங்கள் எல்லாம் பின்னால் வந்து நிற்கின்றன. புதுமுகம் ஒருவரின் கை நடுங்கியிருந்தால் அது வெறும் நோய்க்குறியாகவே இருந்திருக்கும்.

இப்படி ஒரு படவகை இன்று நிலைபெற்றிருக்கிறது. இரவு, மழை, ஈரச்சாலை, மஞ்சள் விளக்கு, யாரையும் முழுதாக நம்ப முடியாத ஒரு நகரம், நடுவில் களைத்துப்போன ஒரு பழைய சண்டைக்காரர். விமர்சகர்கள் 'நியோ நுவார்' என்கிறார்கள். 1940களின் அமெரிக்கக் கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த 'கறுப்புப் படம்' என்ற பெயரின் புது வடிவம் அது. அழகியலைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பணத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். இருட்டில் எடுத்தால் அரங்கச் செலவு குறையும். ஆயிரம் பேர் கூடும் பாட்டுக் காட்சி வேண்டாம். சண்டையில் டூப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. உச்சத்தில் இருக்கும் நாயகனுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பங்குக்கு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் கிடைத்துவிடும். ழான் குளோட் வான் டாம் 2008இல் 'ஜேசிவிடி' படத்தில் மார்க்கெட் இழந்த வான் டாமாகவே நடித்தார். இங்கே, 1974இல் ஆணழகன் பட்டம் வாங்கிய சரத்குமார் எழுபதை நெருங்கும் வயதில் 'போர் தொழில்' (2023) படத்தின் சிடுசிடுத்த மூத்த அதிகாரி ஆனார். பெரிய முதலீடு இல்லாத அந்தப் படம் நன்றாக ஓடியது. முகத்தின் சுருக்கம் அவருக்குப் புதிய மூலதனமாகிவிட்டது.

'நிபுணன்' படத்தில் அர்ஜுனுக்கு மனைவியாக நடித்தவர் சுருதி ஹரிஹரன். அவரைவிட ஏறக்குறைய கால் நூற்றாண்டு இளையவர். இந்தப் படத்தின் படப்பிடிப்பில் அர்ஜுன் தன்னிடம் முறைதவறி நடந்துகொண்டார் என்று 2018 அக்டோபரில் சுருதி குற்றம் சாட்டினார். அர்ஜுன் அதை மறுத்தார், மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். போதிய ஆதாரம் இல்லை என்று பின்னர் காவல்துறை அறிக்கை தாக்கல் செய்தது. அந்த வழக்கின் உண்மையைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது, அதில் நடித்த பெண் சொன்னதை விட்டுவிட்டு ஒளிப்பதிவைப் பற்றி மட்டும் எழுத என்னால் முடியாது.

என் கேள்வி வேறு. வயதான சண்டைக்காரனுக்கு இவ்வளவு கரிசனத்தோடு இடம் ஒதுக்கும் இந்தப் படவகையில், வயதான சண்டைக்காரி எங்கே? அவள் ஒரு காலத்தில் இருந்தாள். இளமையில் சண்டை போட்டாள். அப்புறம் என்ன ஆனாள்?

இதைத் தேட அரூரிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. 1965 அக்டோபர் 2ஆம் தேதி தருமபுரி தனி மாவட்டமாகும்வரை அரூர் சேலம் மாவட்டத்து ஊர். அந்தச் சேலத்தில், ஏற்காடு அடிவாரச் சாலையில் இருந்தது டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். சென்னைக்குப் போகாமலே நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த நிறுவனம். சுந்தரம் 1963இல் மறைந்த பிறகு அவர் மகன் காலத்தில் அங்கே ஒரு புது வரிசை தொடங்கியது: ஜெய்சங்கரை வைத்து, வேகமாக, சிக்கனமாக எடுத்த துப்பறியும் படங்கள். 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' இரண்டும் 1966. 'சி.ஐ.டி. சங்கர்' 1970. 'கருந்தேள் கண்ணாயிரம்' 1972. ரகசிய அறை, சுழலும் சுவர், கறுப்புக் கண்ணாடி, தொப்பி. இன்றைய நியோ நுவார் இயக்குநர்கள் கொரியப் படங்களைத் தங்கள் முன்னோடி என்கிறார்கள். கொஞ்சம் சேலத்துப் பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். அதே ஆண்டுகளில் கர்ணன் 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா' என்று குதிரையும் துப்பாக்கியுமாகத் தமிழ்க் கௌபாய்ப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். சின்ன ஊர்க் கொட்டகைகள் ஒரு பெரிய நடிகரின் படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் உயிர்பிழைத்தது இந்தப் படங்களை நம்பித்தான்.

'சி.ஐ.டி. சங்கர்' படத்தின் நாயகி ஏ. சகுந்தலா. சேலம் அரிசிப்பாளையத்துக்காரர். அந்தப் படத்துக்குப் பிறகு அவர் பெயரே 'சி.ஐ.டி. சகுந்தலா' ஆகிவிட்டது. படத்தில் துப்பறியும் வேலை சங்கருக்கு. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது சகுந்தலாவுக்கு. இதை நான் வேடிக்கையாகவும் பார்க்கிறேன், வரலாற்றுச் சான்றாகவும் பார்க்கிறேன். துப்பாக்கி பிடிக்கும் வேலையை ஆணிடம் வைத்துக்கொண்டு, அதன் பெயரைப் பெண்ணுக்கு நகை மாதிரி போட்டுவிடும் வழக்கம் அது. அதற்குப் பிறகு சகுந்தலா கவர்ச்சி நடனம், வில்லி, பிறகு சின்னத்திரைத் தொடர்களில் அம்மா, பாட்டி என்று போனார். ஜெய்சங்கரும் 1980இல் 'முரட்டுக்காளை' படத்தில் வில்லனாகி, அப்புறம் அப்பா வேடங்களுக்கு வந்தார். இருவருக்கும் வயதானதுதான். ஆனால் ஜெய்சங்கர் வில்லனானபோது பெரிய படத்தில், பெரிய நாயகனுக்கு எதிராக, கையில் அதிகாரத்தோடு வந்தார். நாற்பதைக் கடந்த சகுந்தலா கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 2024 செப்டம்பரில் அவர் இறந்தார்.

அப்படியானால் அசலாகச் சண்டை போட்ட பெண் தமிழ்த் திரையில் இல்லையா? இருந்தார், மிகத் தொடக்கத்திலேயே. 1937இல் கே. அமர்நாத் இயக்கிய 'மின்னல் கொடி'யில் கே.டி. ருக்மணி ஆண் உடையில், குதிரை மேல், கத்தியோடு வந்தார். பேசும் படம் தமிழுக்கு வந்து ஆறே ஆண்டுகள். பம்பாயில் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வாடியா மூவிடோனின் 'ஹண்டர்வாலி' வெளிவந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்த மேரி ஆன் இவான்ஸ் சாட்டையும் முகமூடியுமாக 'பயமறியா நாடியா' ஆனார். ஓடும் ரயிலின் மேல் சண்டை, ஆளைத் தலைக்கு மேல் தூக்கி எறிவது எல்லாம் அவரே செய்தார். டூப் கிடையாது.

நாடியாவை இங்கே நான் கொண்டுவருவது அதற்காக மட்டும் இல்லை. 1968இல் ஹோமி வாடியா 'கிலாடி' என்று ஒரு படம் எடுத்தார். ஜேம்ஸ் பாண்ட் பாணியில், சிறு முதலீட்டில் ஓர் உளவுப்படம். நாடியா அதில் நடித்தபோது அவருக்கு அறுபது வயது. எனக்குத் தெரிந்து இந்திய சினிமாவில் அறுபது வயதுப் பெண்ணை உளவாளியாக்கிச் சண்டைக்கு விட்ட முதல் படம் அது. அதே காலத்தில்தான் சேலத்தில் சங்கரும் கண்ணாயிரமும் உருவானார்கள். ஆனால் நாடியாவுக்கு அந்த வாய்ப்பு கிடைத்த வழியையும் சொல்ல வேண்டும். இயக்குநரும் தயாரிப்பாளரும் அவர் கணவர். வெளியிலிருந்து யாரும் அறுபது வயது நாடியாவைத் தேடி வரவில்லை.

இனி விஜயசாந்திக்கு வருகிறேன்.

அவர் பெயரிலேயே இந்த வரலாற்றின் ஒரு துண்டு இருக்கிறது. சாந்தி என்ற பெயருக்கு முன்னால் வந்த 'விஜய', அவர் சித்தியும் நடிகையுமான விஜயலலிதாவின் பெயரிலிருந்து எடுத்தது. விஜயலலிதா 1970இல் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கிய 'ரௌடி ராணி' என்ற தெலுங்குப் படத்தில் துப்பாக்கியும் குதிரையுமாக வந்தவர். சித்தி விட்ட இடத்தில் மகள் தொடங்கினார் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் நடுவில் பத்து ஆண்டுகள் பூ, பாவாடை தாவணி, மரத்தைச் சுற்றி ஓட்டம். 1980இல் 'கல்லுக்குள் ஈரம்' படத்தில் அறிமுகமானபோது விஜயசாந்திக்குப் பதினான்கு வயது. 1985இல் டி. கிருஷ்ணாவின் 'பிரதிகடனா' வந்தது. நடுத்தெருவில் ஆடை உருவப்பட்ட ஒரு விரிவுரையாளர் கடைசியில் அந்த அரசியல் ரௌடியைக் கோடாரியால் வெட்டுகிறாள். தமிழில் 'பூ ஒன்று புயலானது' என்று டப்பிங் ஆகி வந்து சக்கைப்போடு போட்டது. விரிவுரையாளராக நடித்தவருக்கு அப்போது பத்தொன்பது வயது. கவனியுங்கள்: பெண் கோடாரியை எடுக்க வேண்டுமானால் முதலில் அவள் உடல் அவமானப்பட வேண்டும் என்ற விதி இங்கேயே தொடங்கிவிடுகிறது. அர்ஜுன் ஒரு வில்லனை உதைக்கத் தேசப்பற்று போதும். விஜயசாந்திக்கு அது போதாது.

1990இல் 'கர்த்தவ்யம்'. ஏ. மோகன காந்தி இயக்கம். விஜயசாந்திக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்'. டப்பிங் படத்துக்கு உரிமை வாங்குவதும் குரல் கொடுப்பதும்தான் செலவு. உள்ளூர் நாயகனுக்குக் கொடுக்கும் பணத்தில் நான்கு டப்பிங் படம் இறக்கலாம். அதனால் பெரிய நடிகர்களின் படம் கிடைக்காத கொட்டகைகளுக்கு அது மளிகைக் கடை அரிசி மாதிரி. எங்கள் வீட்டில் சினிமாவுக்குப் பெண்கள் தனியாகப் போவது அபூர்வம். பெரியம்மா மட்டும் அரூரில் அந்தப் படத்தை மதியக் காட்சிக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தார், அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு. "அவ அடிக்கறப்ப எனக்குக் கை வலிச்சுதுடி" என்று பல ஆண்டு கழித்து என்னிடம் சொன்னார். அவர் கை வேறு எதனாலெல்லாம் வலித்தது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. திரையில் விஜயசாந்தியின் உடல், பேசும் குரல் தமிழ் டப்பிங் கலைஞராக இருந்த வேறொரு பெண்ணுடையது. மாதிரி மட்டும் கிரண் பேடி என்று சொன்னார்கள். ஒரு வைஜெயந்தியை உண்டாக்க மூன்று பெண்கள்.

சண்டைக் காட்சிகளில் நான்காவதாக ஓர் ஆணும் இருப்பது வழக்கம். நாயகிக்கு டூப் என்றால் புடவை கட்டி, விக் வைத்த ஓர் ஆண் என்பது ஸ்டண்ட் உலகில் நெடுங்காலம் எழுதாத சட்டம். இதை மீறிய பெண்கள் குறைவு. 'ஷோலே' (1975) படத்தில் ஹேமமாலினிக்காகக் குதிரைவண்டியை ஓட்டியவர் ரேஷ்மா பட்டான் என்பது, அவரைப் பற்றியே ஒரு படம் 2019இல் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. தன் சண்டைகளை டூப் இல்லாமல் தானே செய்ததாக விஜயசாந்தி பேட்டிகளில் அழுத்திச் சொல்வதை இந்தப் பின்னணியில் கேட்க வேண்டும். அவர் கோருவது வேலைக்கான உரிமையை.

'கர்த்தவ்யம்' தயாரித்தவர் ஏ.எம். ரத்னம். விஜயசாந்தியின் ஒப்பனைக்காரராக இருந்து தயாரிப்பாளர் ஆனவர். ஆறு ஆண்டு கழித்து அவர் தயாரித்த படம் 'இந்தியன்'. எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர், வர்மக்கலை தெரிந்தவர், இரண்டு விரலால் ஆளைச் சாய்க்கிறார். தமிழ் சினிமா வயதான சண்டைக்காரனை முழு நாயகனாக ஏற்றுக்கொண்டது அங்கேதான். அந்த வயதை உண்டாக்கத் தனியாக வெளிநாட்டு ஒப்பனைக் கலைஞரை வரவழைத்தார்கள், பெரும் பணத்தில். அதே படத்தில் சுகன்யாவுக்கும் முதுமை ஒப்பனை உண்டு. கிழவரின் மனைவி அமிர்தவல்லி. இளமையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் அவமானப்பட்டு, அவரால் காப்பாற்றப்பட்டவள். முதுமையில் வீட்டில் இருக்கிறாள். கணவனுக்கு வர்மம் தெரியும். அவளுக்குக் கணவனைத் தெரியும். பெண் சண்டைக்காரியை வைத்து முதலாளி ஆனவரின் கையில் பணம் சேர்ந்ததும், முதுமையும் வீரமும் சேர்ந்த உடல் ஆணுடையதாகவே அமைந்தது. ரத்னம் மேல் குறை சொல்லவில்லை. சந்தை அப்படித்தான் கேட்டது. அவர் கேட்டதைக் கொடுத்தார்.

இடையில் 1992. அந்த ஆண்டின் பொங்கலுக்கு 'மன்னன்' வந்தது. வைஜெயந்தியாகக் கைதட்டல் வாங்கிய அதே விஜயசாந்தி, ஒரு தொழிற்சாலை முதலாளியாக ரஜினிகாந்தை அறைகிறார், திருப்பி அறை வாங்குகிறார், கடைசியில் நிர்வாகத்தை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகிறார். அரங்கம் கைதட்டியது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் திறக்கப்பட்டதும் அந்த ஆண்டுதான். காக்கி உடுத்த பெண் திரையிலிருந்து தெருவுக்கு வந்துவிட்டாள் என்று பத்திரிகைகள் மகிழ்ந்த காலம்.

ஜூன் 20ஆம் தேதி, அரூருக்கு அருகில் சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி கிராமத்துக்குள் காக்கி நுழைந்தது. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வந்தவர்கள் வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். மலையாளி பழங்குடி மக்களின் வீடுகளை உடைத்தார்கள், தானியத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கலந்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்துவைத்து, பிறகு சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். சிறைக்குப் போன 133 பேரில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கைக் கையில் எடுத்திருக்காவிட்டால் அது ஒரு சந்தனக் கடத்தல் செய்தியாகவே முடிந்திருக்கும்.

வைஜெயந்தியை மதியக் காட்சியில் பார்த்த ஊரும் அந்தப் பெண்களை அடைத்துவைத்த ஊரும் ஒன்றுதான். சினிமாவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவரவில்லை. நான் பார்ப்பது காலத்தை. 'பூ ஒன்று புயலானது' படத்தில் அவமானத்துக்கும் கோடாரிக்கும் இடையில் இரண்டு மணி நேரம். வாச்சாத்தியில் சி.பி.ஐ. விசாரணைக்கே 1995 ஆயிற்று. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் 17 பேர் மீது வல்லுறவுக் குற்றமும் உறுதியானது. மேல்முறையீடு. சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் தாமே கிராமத்துக்கு வந்து பார்த்துவிட்டு, செப்டம்பர் 29ஆம் தேதி மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். முப்பத்தொரு ஆண்டுகள். முப்பது வயதில் தொடங்கியவளுக்கு அறுபத்தொன்று.

பழிவாங்கும் படங்களில் பெண்ணுக்கு வயதாகாததன் காரணம் இங்கே எனக்குப் புரிகிறது. சண்டையை அங்கே ஓர் இரவு மழையில் முடித்துவிடுகிறார்கள். நீண்டுபோகும் சண்டையைக் காட்ட வேண்டுமானால் முழங்கால் வலிக்கும் பெண்ணைக் காட்ட வேண்டும். பேருந்துக்குக் காசு தேடுகிறவளை, குறுக்கு விசாரணையில் அதே கேள்விக்கு ஐந்தாவது முறை பதில் சொல்கிறவளை, மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் எதைக் கேட்பார்களோ என்று பயப்படுகிறவளைக் காட்ட வேண்டும். அவளைப் பார்க்கக் கொட்டகைக்கு ஆள் வராது என்று வைத்துக்கொண்டார்கள்.

வாச்சாத்தித் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பு, 2011 ஜூனில், 'ஆரண்ய காண்டம்' வெளிவந்தது. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம், சிறு முதலீடு. தமிழின் முதல் நியோ நுவார் என்று பலரும் கொண்டாடுவது. இந்திப் பட அடிதடி நாயகனாக இருந்த ஜாக்கி ஷெராஃப் அதில் சிங்கப்பெருமாள் என்ற வயதான தாதா. படம் தொடங்குவதே அவன் உடல் ஒத்துழைக்க மறுக்கும் ஒரு காலையில். அந்த ஆத்திரத்தில் அவன் அறைவது சுப்பு என்ற இளம்பெண்ணை. ஆணின் முதுமையை இரக்கத்துக்குரிய காவியமாக்காமல், அதன் செலவை யார் உடல் ஏற்கிறது என்று காட்டிய படம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். முடிவில் பணத்தோடு நகரத்தை விட்டுப் போகிறவள் சுப்பு. படத்தின் தலைசிறந்த துப்பு அவளுடையது. ஆனாலும் அவள் இளம்பெண். சிங்கப்பெருமாளின் வயதில் அந்த வட்டாரத்தில் ஒரு பெண் இல்லை.

அந்த இடத்தை ஒரு பத்து நிமிடம் நிரப்பியது 2022இல் 'விக்ரம்'. பட்ஜெட்டில் இந்த வகையோடு சேராதுதான். வீட்டு வேலைக்காரியாகக் காபி கொடுத்துக்கொண்டிருந்த நடுவயதுப் பெண் திடீரென்று ஏஜென்ட் டீனாவாகி முள்கரண்டியால் சண்டை போடுகிறாள். நடித்தவர் வசந்தி. பல ஆண்டுகளாக நடனக் குழுக்களில் பின்வரிசையில் ஆடியவர். அரங்கமே எழுந்து கத்தியது. பிறகு அவள் செத்துப்போகிறாள், கதை ஆண்களிடம் திரும்புகிறது. அடுத்த ஆண்டு 'விடுதலை' முதல் பாகத்தில் காவல் முகாமில் ஆடையின்றி அடைக்கப்பட்ட பெண்களைப் பார்த்தபோது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் வாச்சாத்திதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்களைக் காப்பாற்றக் கூரைகள் மேல் ஓடுகிறவன் கடைநிலைக் காவலன் குமரேசன். பெண்கள் அங்கே சாட்சியம். ஓட்டம் அவனுடையது.

வெளியே நிலைமை சற்றே மாறியிருக்கிறது. ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ ஹாங்காங் சண்டைப்படங்களில் மோட்டார் சைக்கிளோடு ரயில் மேல் பாய்ந்தவர். 2022இல் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தில் சலவைக்கடை நடத்தும் களைத்த அம்மாவாக வந்து, அறுபது வயதில் ஆஸ்கார் வாங்கினார். அந்தக் கதையை இயக்குநர்கள் முதலில் யோசித்தது ஜாக்கி சானுக்காக. அப்புறம் மனம் மாறிப் பெண்ணுக்கு எழுதினார்கள். ஒரு முடிவை மாற்றினால் போதுமாக இருந்திருக்கிறது. பக்கத்திலேயே, வடகரையில், ஏழு வயதில் களரி தொடங்கி எழுபதைத் தாண்டியும் புடவையை இழுத்துச் செருகி வாள் வீசிக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வயதான பெண்ணுடல் சண்டை செய்யாது என்பது உடலியல் உண்மை இல்லை என்பதற்கு அவருடைய மெய்ப்பயிற்சியைப் பார்த்தால் போதும். அதே ஆண்டு 'நிபுணன்' வந்ததைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

விஜயசாந்தி 2006க்குப் பிறகு திரையை விட்டு அரசியலுக்குப் போனார். 2009இல் மேதக் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். அது அவர் தேர்வு. சினிமா ஒதுக்கியது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. திரும்பி வந்தது 2020 ஜனவரியில், மகேஷ் பாபுவின் படத்தில். பேராசிரியர் பாரதி: நேர்மையானவர், துணிந்தவர், ராணுவ வீரனின் தாய். அவருக்கு ஆபத்து வரும்போது அடிக்கிறவர் நாயகன். முப்பத்தைந்து ஆண்டு முன்பு கோடாரி எடுத்த விரிவுரையாளர் இப்போது காப்பாற்றப்படுகிறார். 2025 ஏப்ரலில் இன்னொரு படம், கல்யாண் ராமோடு. அதில் அவருக்கு வைஜெயந்தி என்ற அதே பெயர், அதே ஐ.பி.எஸ். காக்கியில் அவர் வரும் காட்சிக்கு ரசிகர்கள் காகிதம் கிழித்துப் போட்டார்கள். அடிப்பதற்கும் அவருக்குச் சில நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். சண்டையின் பெரும்பங்கு மகனுக்கு. படத்தின் பெயரே 'அர்ஜுன் சன் ஆஃப் வைஜெயந்தி'.

வைஜெயந்தியே நாயகியாக ஒரு இருட்டுப்படம் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மகன் வேண்டாம். அறுபது வயதுப் பெண், முழங்கால் வலி, சித்தேரி அடிவாரத்திலிருந்து விடிவதற்குள் அரூர் வந்து தருமபுரிக்குப் பேருந்து பிடிக்கிறாள். எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஓய்வூதியம் வாங்குகிறார்கள், சிலர் செத்துவிட்டார்கள், ஒருவன் சாகக் கிடக்கிறான், அவள் அவனை அடையாளம் காட்ட வேண்டும். அவனுக்கு மறதி வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. ஒரு பேருந்து, ஒரு நீதிமன்ற வராந்தா, ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில், கொஞ்சம் மழை. டூப் தேவைப்படாது. சிறு முதலீட்டிலேயே எடுத்துவிடலாம்.